பேய்ந்தும் கெடுக்கிறது, காய்ந்தும் கெடுக்கிறது: மானாவாரியில் இனி எந்தக் கணக்கை நம்பி விதைப்பது?

வைப்பாற்றங்கரை எழுதியது:

விளாத்திகுளம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் இருக்கிறது. கிணறு கிடையாது, முழுக்க மானாவாரி. புரட்டாசிப் பட்டத்தில் மழைக்கு முன்னாடியே புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பதுதான் ஊர் வழக்கம். கம்பும் சோளமும் பருத்தியும் இருந்த இடத்தில் இப்போது உளுந்து, பாசி, மக்காச்சோளம்.

2023இல் நடந்ததைச் சொல்கிறேன். முதல் மழை ஒரு உழவு மழைகூட இல்லை, விதை முளைக்க மட்டும் போதுமான அளவு பெய்துவிட்டு நின்றுபோனது. முளைத்தது வாடியது, பாதி நிலத்தை அழித்துவிட்டு மறுபடி விதைத்தோம், விதைக்காசு இரண்டு மடங்கு. மக்காச்சோளத்தில் படைப்புழு வேறு. நவம்பர் மழையில் எப்படியோ தேறி வந்து, உளுந்து காய் முற்றி, பிடுங்க ஆள் சொல்லி வைத்திருந்த நேரத்தில் டிசம்பர் 17, 18 பெருமழை வந்தது. தண்ணீர் வடியவே நாளானது. உளுந்து செடியில் இருந்தபடியே காய்க்குள் முளைவிட்டது, மக்காச்சோளம் சாய்ந்து கதிர் அழுகியது. அதே நிலம், அதே பருவம். அடுத்த கோடையில் ஊர்க் கண்மாயில் ஆடு குடிக்கத் தண்ணீர் இல்லை.

இதெல்லாம் முடிந்த பிறகு செய்தியில் "வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட அதிகம்" என்று வாசித்தார்கள். வறட்சிக்கு ஒன்று, வெள்ளத்துக்கு ஒன்று என்று இரண்டு முறை நஷ்டப்பட்டவனுக்கு அந்த வரியைக் கேட்டால் வயிறு எரிகிறது. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்: இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள், மழை இப்படி ஒரே மூச்சில் கொட்டுவது ஏன் கூடிக்கொண்டே போகிற மாதிரி இருக்கிறது, எங்களைப் போன்றவர்கள் விதைப்பிலும் தண்ணீர் சேமிப்பிலும் எதை மாற்றலாம்? பதில் தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், எங்கள் ஊர்க் குழுவில் பகிர வேண்டும்.

மழைமானி எழுதியது:

அண்ணாச்சி, உங்கள் கோபம் நியாயமானது. அந்த "இயல்பு" என்ற சொல் விவசாயிக்காக உண்டானதே இல்லை. வானிலைத் துறை 1971 முதல் 2020 வரையான மழையின் சராசரியை எடுத்துக்கொள்கிறது. ஒரு பருவத்தின் மொத்த மழை அதைவிட 19% குறைந்தாலும் கூடினாலும் அதன் பெயர் இயல்புதான். 20%க்கு மேல் குறைந்தால் பற்றாக்குறை, 20%க்கு மேல் கூடினால் அதிகம். அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை பெய்த எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வதால் அது எந்த நாளில் பெய்தது என்பது அதில் தெரியாது. ஒரு பேச்சுக்கு, ஒரு மாவட்டத்துக்கு 43 செ.மீ. இயல்பு என்று வையுங்கள். இரண்டரை மாதத்தில் 15 செ.மீ. பெய்து பயிர் காய்ந்து, கடைசியில் இரண்டே நாளில் 28 செ.மீ. கொட்டினால் கூட்டல் கணக்கு சரியாக வந்துவிடும். பயிர் இரண்டு தரம் செத்திருக்கும்.

2023இல் உங்கள் மாவட்டத்தில் நடந்தது இதைவிடப் பல மடங்கு. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருடம் முழுக்கக் கிடைக்கிற சராசரி மழையே ஏறக்குறைய 65 செ.மீ.தான். அதோடு அந்த வருடம் அக்டோபர் தமிழகம் முழுவதற்குமே வறண்ட மாதம், பருவமழையும் பலவீனமாகத்தான் தொடங்கியது. கடைசி இரண்டு நாள்தான் மொத்தக் கணக்கையும் மேலே தூக்கிவிட்டது.

ஏன் இப்படி என்று கேட்டீர்கள். வடகிழக்குப் பருவமழை கேரளாவில் ஜூன், ஜூலையில் பெய்வதுபோல நாள் தவறாமல் பெய்கிற மழை இல்லை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வோ, கிழக்கிலிருந்து வருகிற காற்றலையோ, மேலடுக்குச் சுழற்சியோ வந்தால்தான் மழை. இடையில் இரண்டு வாரம் மூன்று வாரம் வெயில் அடிப்பது இந்தப் பருவத்தின் இயற்கை. தென்மேற்குப் பருவமழை உங்கள் பக்கம் பேருக்குத்தான், மேற்குத் தொடர்ச்சி மலை அதை மறைத்துவிடுகிறது. ஆக வருடத்துத் தண்ணீர் முழுவதும் ஒரு சில சுழற்சிகளின் கையில். அவற்றில் ஒன்று தவறினால் வறட்சி. ஒன்று கரையோரம் வந்து நகராமல் நின்றுவிட்டால் வெள்ளம். 2023 டிசம்பரில் புயல்கூட இல்லை, குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவுதான்.

இது பழைய கதை. புதிதாகச் சேர்ந்தது வெப்பம். காற்று ஒரு டிகிரி சூடானால் அது ஏறக்குறைய 7% கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், கடலும் சூடாகிக்கொண்டே வருகிறது. அதனால் பெய்யும்போது கொட்டுவது கூடுகிறது, பெய்யாத நாளில் மண் முன்பைவிட வேகமாகக் காய்கிறது. எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்கு மழை நமக்குக் கூடுதலாக வரும் வாய்ப்பு உண்டு, 2015, 2023 இரண்டும் அப்படிப்பட்டவை. ஆனால் அதை வைத்து உங்கள் ஊருக்கு எந்த வாரம் மழை என்று சொல்லவே முடியாது. பருவத் தொடக்கத்தில் வருகிற "இந்த வருடம் நல்ல மழை" செய்தியை நம்பி விதைப்புத் தேதியை முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு ரொம்ப நாளாக மனதை அரிக்கிற விஷயம். வானிலைத் துறையின் அளவுகோலில் 204.5 மில்லிமீட்டருக்கு மேல் எல்லாமே "அதிகனமழை", அதற்கு மேல் வகை கிடையாது. 21 செ.மீ.யும் 95 செ.மீ.யும் ஒரே பெயரில் வருகின்றன. முன்னது வயலை மூழ்கடிக்கும், பின்னது ஊரையே மூழ்கடிக்கும். எச்சரிக்கையைப் படிக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிவதே இல்லை.

வைகைக்கரையான் எழுதியது:

நான் முதுகுளத்தூர் பக்கம். மழைமானி சொன்னதெல்லாம் சரி, ஆனால் நம் முன்னோருக்கு இந்த மழை இப்படித்தான் பெய்யும் என்று தெரியாமலா கண்மாய் வெட்டினார்கள்? நாலு நாள் கொட்டுகிற தண்ணீரை எட்டு மாதத்துக்கு வைத்துக்கொள்ளத்தான் தமிழ்நாட்டில் 39,000க்கும் மேல் ஏரி, குளம், கண்மாய். வைகைகூடக் கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான் போய்ச் சேர்கிறது, கடலுக்குப் போவது அதற்கு மிஞ்சிய தண்ணீர்.

இந்தக் கண்மாய்களைத் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது, சங்கிலி. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அது கீழ்க் கண்மாய்க்கு வரத்து. நடுவில் ஒரு மறுகால் ஓடையில் பட்டா போட்டு வீடு கட்டிவிட்டால் கீழே உள்ள ஊர்களுக்கெல்லாம் வறட்சி, பெருமழையில் மேலே உள்ள ஊருக்கு வெள்ளம். ஒரே ஆக்கிரமிப்பு இரண்டு வேலையையும் செய்கிறது. மேல் கரை உடைந்தால் இன்னும் மோசம், மொத்தத் தண்ணீரும் ஒரே நேரத்தில் அடுத்த கரையில் போய் மோதும், அதுவும் உடையும். 2023இல் கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரமே தண்ணீரில் நின்றது எல்லோரும் பார்த்ததுதான்.

அப்புறம் தூர்வாருதல். இதில் நடக்கிற தப்பைச் சொல்லியே ஆக வேண்டும். பொக்லைன் வைத்து ஆழமாகத் தோண்டினால் கண்மாய் நிறையத் தண்ணீர் பிடிக்கும் என்று நினைக்கிறார்கள். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது, அங்கேயே கிடந்து வற்றும். அடியில் இருக்கிற களிமண் படுகையை உடைத்துவிட்டால் தண்ணீர் நிற்கவே நிற்காது. கரையை ஒட்டித் தோண்டினால் அடுத்த வெள்ளத்தில் கரை சரியும். தூர்வாருவதென்றால் மேலே படிந்த வண்டலைப் பரவலாக எடுப்பது, வரத்துக்காலைக் கடைசி வரை சுத்தம் செய்வது, மடையையும், மிஞ்சிய தண்ணீர் வழிகிற கலுங்கையும் செப்பனிடுவது. ஒப்பந்தக்காரர்களுக்கு முதல் வேலையில்தான் மண் கிடைக்கும், அதனால் மற்ற இரண்டும் எப்போதும் அரைகுறை.

முன்பு ஊருக்கு ஒரு நீர்ப்பாய்ச்சி இருப்பார். எந்த மடையை எப்போது திறப்பது, எவ்வளவு தண்ணீர் வந்தால் கலுங்கில் பலகையை எடுப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு, அறுவடையில் அவருக்குப் பங்கு உண்டு. இப்போது எங்கள் பக்கம் பல ஊர்களில் அந்த ஆளே கிடையாது. மழைக்கு நடு இரவில் கலுங்கைப் பார்க்கப் போவது யார்? கண்மாயைச் சரி செய்யக் கோடிக்கணக்கில் பணம் ஒதுக்குகிறோம், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குவதில்லை.

புழல்வாசி எழுதியது:

சென்னையிலிருந்து எழுதுகிறேன், விவசாயம் தெரியாது, ஆனால் இந்தக் கதை எங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்து அடையாற்றில் விட்டார்கள். 2016இல் வடகிழக்குப் பருவமழை 60%க்கும் மேல் குறைந்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவித்தார்கள். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர்.

எங்கள் நான்கு ஏரிகளையும் (பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்) சேர்த்தாலே 11 டிஎம்சிக்கு (1,100 கோடி கன அடிக்கு) சற்று மேல்தான் கொள்ளளவு. இதில் உள்ள சிக்கல் என்னவென்றால், டிசம்பர் முடிவில் ஏரி நிறைந்திருந்தால்தான் கோடையைத் தாண்டலாம், அதற்குப் பிறகு மழை கிடையாது. ஆனால் டிசம்பர் முதல் வாரத்தில் ஏரி நிறைந்திருக்கும்போது பெருமழை வந்தால் அதை வாங்க இடம் இருக்காது. முன்கூட்டியே திறந்துவிட்டு மழை ஏமாற்றிவிட்டால் ஏன் தண்ணீரை வீணடித்தாய் என்று கேட்போம், வைத்திருந்து மழை கொட்டினால் ஏன் திறக்கவில்லை என்று கேட்போம். இரண்டு கேள்வியும் நியாயம்தான், அதனால்தான் ஏரிக்கு வரும் நீரை மணிக்கணக்கில் கணிக்கிற முறை அவ்வளவு முக்கியம் என்று நினைக்கிறேன். கையிருப்புக்கு வேறு வழிகளும் வேண்டும். 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு நிலத்தடி நீர் ஏறியது, ஆனால் பல வீடுகளில் அந்தக் குழிகள் இப்போது மண்மூடிக் கிடக்கின்றன.

பொருநை எழுதியது:

திருநெல்வேலிக்காரன் ஒரு வார்த்தை. தாமிரபரணியின் உபரி நீரைக் கருமேனியாறு, நம்பியாற்றுக்குக் கொண்டுபோகும் வெள்ளநீர்க் கால்வாய் 2009இல் தொடங்கியது. சாத்தான்குளம், திசையன்விளை பக்கம் தேரிக்காட்டு மண்ணுக்கு அது பெரிய உதவி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் "கால்வாய் வந்துவிட்டது, இனி வெள்ளம் வராது" என்று எங்கள் ஊரில் சிலர் பேசுகிறார்கள், அது தப்பு. 2023இல் ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டி ஓடியது விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல். கால்வாய் எடுக்கக்கூடியது சில ஆயிரம். வறட்சிக்கு உதவும், பெருவெள்ளத்தைத் தடுக்காது. 2024 டிசம்பரிலும் ஆற்றில் வெள்ளம் வந்ததே. ஆற்றின் கரையோரத்தில் புறம்போக்கை ஆற்றுக்கே விட்டுக்கொடுத்தால்தான் ஏரல் மாதிரி ஊர்கள் பிழைக்கும்.

கோடைஉழவு எழுதியது:

மானாவாரி சாகுபடி பற்றிய பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன், விவசாயத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் பக்கத்திலேயே கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1901இல் தொடங்கியது, கரிசல் மானாவாரிக்கென்றே வேலை செய்கிற இடம். நேரில் ஒருமுறை போய்ப் பேசுங்கள் தம்பி, ரகம் பற்றி அவர்கள் சொல்வதுதான் உங்கள் மண்ணுக்குப் பொருந்தும்.

புழுதி விதைப்பில் பெரிய ஆபத்து நீங்கள் சொன்னதுதான், சிறு தூறலுக்கு முளைத்துப் பிறகு காய்வது. சோளம் மாதிரிப் பயிருக்கு விதையை 5 செ.மீ. ஆழத்தில் போட்டால் 20 மில்லிமீட்டருக்குக் குறைந்த மழை அவ்வளவு கீழே இறங்காது, விதை பொறுத்திருந்து நல்ல மழைக்குத்தான் முளைக்கும். மேலாக விசிறிவிட்டு உழுதால் விதை ஒரே ஆழத்தில் விழாது, அதனால் விதைப்புக் கருவி நல்லது. விதையைக் கடினப்படுத்திவிட்டுப் போட்டால் இளம் பயிர் வறட்சியைக் கொஞ்சம் கூடத் தாங்கும். உளுந்துக்குத் துத்தநாக சல்பேட் கரைசலில் ஊறவைத்து நிழலில் உலர்த்துவார்கள், அளவையும் நேரத்தையும் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், கூடிப்போனால் முளைப்புத்திறன் கெடும்.

முழு நிலத்தையும் ஒரே பயிர், ஒரே தேதி என்று வைக்காதீர்கள், இதை நான் கெஞ்சிக் கேட்பேன். உளுந்துக்கு வயது 70 நாள் சொச்சம். எல்லாம் ஒரே நாளில் முற்றினால் எல்லாம் ஒரே மழையில் போகும். ஒரு பகுதியைப் புழுதியிலும் ஒரு பகுதியை மழை பெய்த பிறகு ஈரத்திலும் விதையுங்கள். மக்காச்சோளம் நல்ல விலை போகிறது, மறுக்கவில்லை, ஆனால் இளம் பருவத்தில் தண்ணீர் தேங்கினாலும் தாங்காது, பூக்கும்போது காய்ந்தாலும் தாங்காது. சோளம் இரண்டையும் அதைவிட நன்றாகத் தாங்கும். குருவித் தொல்லை உண்டு, ஆள் கூலி உண்டு, ஆனாலும் நிலத்தில் ஒரு பங்காவது சோளமோ கம்போ இருக்கட்டும், மாட்டுக்குத் தட்டையாவது மிஞ்சும்.

கோடை மழையில் சரிவுக்குக் குறுக்கே ஆழ உழுது போடுங்கள். பெய்கிற முதல் மழை ஓடாமல் உள்ளே இறங்கும். கரிசலில் அகலப் பாத்தியும் நடுவில் சாலும் போட்டால் காயும்போது ஈரம் நிற்கும், கொட்டும்போது தண்ணீர் சால் வழியாக வெளியேறும். வெளியேறும் தண்ணீர் போய்ச் சேர நிலத்தின் தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை. கரிசலில் தார்ப்பாய் இல்லாமலே தண்ணீர் ஓரளவு நிற்கும். உளுந்து பூக்கிற நேரத்தில் இரண்டு வாரம் மழை இல்லையென்றால் அந்தக் குட்டையிலிருந்து ஒரே ஒரு தண்ணீர் கொடுத்தால் போதும், விளைச்சல் தப்பும். மானியத்தில் வெட்டித் தருகிறார்கள், வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள்.

காப்பீட்டில் பலருக்குத் தெரியாதது இரண்டு. மழை இல்லாமல் அறிவிக்கப்பட்ட பகுதியில் 75%க்கு மேல் விதைக்கவே முடியாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25% கிடைக்க வழி இருக்கிறது. தண்ணீர் தேங்கி உங்கள் வயல் மட்டும் கெட்டிருந்தால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், உளுந்து, பாசிக்கு இது உண்டு. வெள்ள நேரத்தில் மின்சாரமும் இல்லை, செல்பேசிக் கோபுரமும் இல்லை, 72 மணி நேரத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், 2023இல் எத்தனையோ பேர் அதனாலேயே விட்டுப்போனார்கள். பேரிடர் அறிவிப்பு வந்த இடங்களில் இந்தக் கெடுவைத் தளர்த்த வேண்டும் என்று விவசாயச் சங்கங்கள் வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிரீமியம் உங்களுக்கு 1.5%தான், கட்டாமல் விடாதீர்கள்.

வைப்பாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சார் சொன்ன ஆழ விதைப்பையும் இரண்டு தேதி விதைப்பையும் இந்தப் பட்டத்திலேயே செய்யப் போகிறேன். போன முறை காப்பீட்டில் எங்கள் ஊருக்கு வந்த தொகை விதைக்காசுக்கே காணாது, மகசூல் கணக்கை வருவாய் கிராம அளவில் சராசரியாகப் போட்டார்களாம், மேட்டு நிலத்தில் தப்பியவர்களையும் சேர்த்து. அங்கேயும் சராசரிதான் எங்களைக் கெடுத்தது.

மழைமானி, எங்கள் ஊருக்குப் பக்கத்து மழை அளவை எங்கே பார்ப்பது? வைகைக்கரை அண்ணே, எங்கள் கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம், உள்ளே வண்டல் நிறைய இருக்கிறது. நிலத்துக்கு அடிக்க நாங்களே எடுக்கலாமா, கேஸ் போட்டுவிடுவார்களா?

மழைமானி எழுதியது:

தமிழக அரசு மாநிலம் முழுக்க 1,400 தானியங்கி மழைமானிகள் வைக்கும் திட்டத்தில் இறங்கியது, டிஎன் அலர்ட் செயலியில் உங்கள் பக்கத்து அளவைத் தேடிப் பாருங்கள். மேகதூத் செயலியில் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வேளாண் வானிலை அறிவுரை வரும், அறுவடைக்கு ஆள் சொல்வதற்கு முன் அதைப் பார்ப்பது நல்லது. ஊரில் ஒரு சாதாரண மழைமானி வாங்கி வைத்து யாராவது தினமும் காலை 8.30க்குக் குறித்து வந்தால் இன்னும் நல்லது. காப்பீடு, நிவாரணம் எதற்குப் பேசப் போனாலும் கையில் தேதிவாரியாக ஒரு நோட்டு இருக்கும்.

வைகைக்கரையான் எழுதியது:

அனுமதி வாங்கி எடுத்தால் கேஸ் வராது தம்பி. 2024இலிருந்து வண்டல் எடுக்கத் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம், விவசாயத்துக்குக் கட்டணம் இல்லை. புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை, நன்செய்க்கு 75. நிலம் அதே வட்டத்தில் இருக்க வேண்டும், சிட்டா, அடங்கலோடு மனுக் கொடுங்கள். எடுக்கும்போது கரையிலிருந்து தள்ளி நின்று, மடை மட்டத்துக்கு மேலேயே எடுங்கள்.

கருவேலத்தை அனுமதியில்லாமல் வெட்டாதீர்கள், ஏலம் விட வேண்டியது. அதோடு உங்கள் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் நிறைய, அவர்களையும் கூப்பிட்டுப் பேசிவிட்டு ஊராட்சியில் தீர்மானம் போடுங்கள். வேரோடு எடுக்காவிட்டால் அடுத்த மழைக்கே தழைத்துவிடும். முதலில் வரத்துக்காலில் நிற்பதை எடுங்கள், கண்மாய்க்குள் இருப்பதை அப்புறம் பார்க்கலாம்.